இரட்டைத் திரி

சார்டீனியாவின் ஓரத்தில் ஒரு தீவு.
பாலம் போட்டு அதை நிலத்தோடு கட்டிவிட்டார்கள்.
நவம்பர் மழை. பேருந்தில் கடைசியாக இறங்கியவன் நான்.
நுழைவுச்சீட்டு ஆறு யூரோ;
ஐம்பதை நீட்டினேன். சில்லறை இல்லை.
கல்லாவைப் பூட்டிவிட்டுக் குடையோடு எழுந்தாள் பொனாரியா.
"திரும்பி வரும்போது கொடு."
கல்லறைக்குள் போகிறவனிடம்
இப்படியும் ஒரு நம்பிக்கை.

பாறையை வெட்டிய படிகள். வாசலில் குனிய வேண்டும்.
"பினீசியர்கள் குள்ளமா?" என்றேன்.
"செத்தவர்கள் குனியவில்லை.
தூக்கி வந்தவர்கள்தான் குனிந்தார்கள்" என்றாள்,
குனிந்தபடியே.

உள்ளே சுவரில் ஒரு மாடம்.
பிணத்தின் தலைமாட்டில் ஜாடி வைக்க
இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கு முன் யாரோ குடைந்தது.
அவள் அதற்குள் முழங்கை வரை கைவிட்டாள்:
"இங்கே உப்பு.
இங்கே மாவு, எலி எட்டாத மூலையில்.
அந்தப் பள்ளம் கோழிகளுக்கு."

எனக்குப் புரிய நேரமானது.

அவள் அப்பாவுக்கு நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை.
பகலில் ஒரு குழி, இரவில் இன்னொரு குழி.
ஏழு பேர், ஒரு கதவு.
அண்ணன் எஃபீசியோவின் கல்யாணத்துக்கு
அடுத்த கல்லறைக்குச் சுவரை உடைத்து வழி செய்தார்களாம்.
"வருகிறவளுக்குத் தனியறை வேண்டாமா?"
எலும்புகள்?
"எங்களுக்கு முன்பு இருந்தவர்கள் பெருக்கியிருப்பார்கள்."
வாடகை யாரும் கேட்கவில்லை.
நகராட்சி வீடு கட்டிக் கொடுத்தபோது
அவளுக்குப் பதினொரு வயது.
முதல் வாரம் முழுக்க ஜன்னல் பக்கம் தூங்கவே முடியவில்லை.

என் மொழியில் வீடு என்றால் வீடு;
எல்லாம் முடிந்து போய்ச்சேரும் இடமும் வீடுதான்.
இதைச் சொல்ல என்னிடமிருந்த இத்தாலியன் போதவில்லை.
"லா காசா" என்றேன். தரையைக் காட்டினேன்.
"ஸி" என்றாள்.

அருங்காட்சியகத்தில் வெப்பமூட்டி வேலை செய்யவில்லை.
கண் வரைந்த தீக்கோழி முட்டை.
வெண்கலச் சவரக்கத்தி, பிடி அன்னக் கழுத்து.
பல்லைக் காட்டிச் சிரிக்கும் மண் முகமூடி.
குழந்தைகளின் சாம்பல் தாழிகள், வரிசையாக;
பலியா நோயா, அறிஞர்களுக்குள் இன்னும் வழக்காம்.
அந்த வரிசையில் மட்டும் அவள் நிற்காமல் நடந்தாள்.

கடைசிக் கண்ணாடிப் பெட்டியில்
ஒரு விளக்கு.
பொரியும்போது இரண்டு பக்கம் மடங்கிக்கொண்ட அப்பளம் மாதிரி,
இரண்டு மூக்கு, இரண்டு திரிக்கு.
அட்டை சொல்கிறது:
கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு.
முனைகளில் பண்டைய பயன்பாட்டின் கரி.

பொனாரியா கண்ணாடியை நகத்தால் தட்டினாள்.
"எங்களுடையது."

எஃபீசியோ கோழிப் பள்ளத்தை ஆழமாக்கும்போது கிடைத்தது.
மின்சாரம் இல்லாத வீட்டில் எதற்குச் சும்மா இருக்க வேண்டும்?
ஒரு திரி அம்மாவின் தையலுக்கு,
ஒரு திரி இவளுடைய பெருக்கல் வாய்ப்பாட்டுக்கு.
எண்ணெய் குறைந்தால்
முதலில் அணைவது ஏழாம் வாய்ப்பாடு.
"அதனால்தான் சில்லறையில் நான் மோசம்."

வீடு மாறிய நாளில் கேட்டு வந்தார்கள், கொடுத்துவிட்டார்கள்.
பிறகு ஒருமுறை மிலானோவிலிருந்து வந்த பெண்
கரியைச் சுரண்டிச் சோதனைக்கு எடுத்துப்போனாள்.
ஒலிவ எண்ணெய் என்று முடிவு வந்தது.
"மலிவானது" என்றாள் பொனாரியா,
"அதை எழுதவில்லை."

நீங்கள் சொல்லவே இல்லையா?

முகமூடியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
"சொன்னால் கழுவிவிடுவார்கள்."

வாசலில் ஐம்பதை மாற்ற
எதிரே காப்பிக்கடைக்கு ஓடினாள், மழையோடு.
மீதி எண்ணும்போது உதடு அசைந்தது.
இரண்டு யூரோ அதிகம் தந்தாள். திருப்பிக் கொடுத்தேன்.

சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது
என்று வளர்ந்தவன் நான்.
ஆனால் அங்கே ஒரு மாடத்தில் உப்பு இருந்திருக்கிறது.

பாறைப் பக்கம் திரும்பி,
அவளுக்குக் கேட்காத மாதிரி,
"போய்ட்டு வர்றேன்" என்றேன்.